ஐந்தாவது கட்டத்தில் நான் எழுதியது

பன்னாட்டு அமைதிப்படைக்குப் புறப்படும் போலீஸ் தங்கச்சிகள் மூன்று பேருக்கும்,

பயிற்சியில் உங்களுக்குச் சட்டமெல்லாம் சொல்லித் தந்திருப்பார்கள். ஒரு இனத்தையே அழிக்க யாராவது கிளம்பினால் தடுக்க வேண்டிய பொறுப்பு முதலில் அந்த நாட்டு அரசுக்கு. அரசு கைவிட்டால், அல்லது அரசே அதற்குக் கூட்டாளியானால், பொறுப்பு உலகத்துக்கு. நானும் இதைப் படித்துப் பரீட்சை எழுதினேன், நல்ல மதிப்பெண்ணும் வாங்கினேன். உலகம் என்றால் யார் என்பது மட்டும் அந்தப் புத்தகத்தில் இல்லை. நான் போன இடத்தில், ஒரு வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு, உலகம் என்பது தென்காசிக்காரி ஒருத்தியும் கண்ணாடி போட்ட ஒரு பள்ளிக்கூட வாத்தியாரும்தான். வேறு யாரும் அக்கம்பக்கத்தில் இல்லை.

முப்பது வருஷத்துக்கு மேல் போலீஸில் இருந்துவிட்டு இன்ஸ்பெக்டராக ஓய்வு பெற்றேன். நடுவில் ஒரே ஒரு வருஷம் அமைதிப்படையின் நீலத் தொப்பி. ஊரில் பார்க்கிறவர்களெல்லாம் அந்த ஒரு வருஷத்தைப் பற்றித்தான் கேட்கிறார்கள், அதுவும் துப்பாக்கிச் சண்டை உண்டா என்று. நான் அங்கே துப்பாக்கி வைத்திருக்கவே இல்லை. நான் வைத்திருந்தது ஒரு நோட்டும் கோடு போடும் அடிக்கோலும் இரண்டு கலர் பேனாவும். அதை வைத்தே செய்யக்கூடாத ஒன்றைச் செய்துவிட்டேன்.

முதலில் ஐந்தருவிக் கதையைச் சொல்ல வேண்டும். அது இல்லாமல் மற்றது விளங்காது.

அப்போது நான் கான்ஸ்டபிள். சீசன் டியூட்டி, அருவியில் பெண்கள் குளிக்கிற பக்கம். மத்தியானம் மூன்று மணி இருக்கும், நல்ல கூட்டம். மேலே வாசலோரம் மிளகாய் பஜ்ஜி போடுகிற ஒரு அக்கா திடீரென்று அடுப்பை அணைத்துவிட்டுச் சட்டியைத் தூக்கி வைக்கிறார். வியாபாரம் பொங்கி வழிகிற நேரம் அது.

"என்னக்கா, இப்பமே கடையக் கட்டுதிய?" என்று கேட்டேன்.

"தண்ணி நெறம் மாறுதுல்லா, பாக்கலையா? எலயும் சுள்ளியுமா வருது. மேல நல்லாப் பேஞ்சிருக்கு. ஆளுகள ஏத்தி விடும்மா."

"கன்ட்ரோல்ல இருந்து இன்னும் ஒண்ணும் சொல்லலையே."

"அவுக சொல்லுததுக்கு முன்ன தண்ணி வந்துரும்."

நான் உத்தரவுக்காகக் காத்திருந்தேன். குளிக்க வந்தவர்களை வெளியே ஏற்றிவிட்டு, அதன் பிறகு வெள்ளம் வராமல் போனால் அத்தனை பேரும் என்னைத் திட்டுவார்களே என்ற பயம் ஒன்று. நீயாக ஏன் முடிவெடுத்தாய் என்று மேலதிகாரிகள் கேட்பார்களே என்ற பயம் இன்னொன்று. கொஞ்ச நேரத்தில் வெள்ளம் வந்தது. ஒரு பெண்ணின் தோளில் மரக்கிளை அடித்து, அவரை இழுத்துக்கொண்டு போய்க் கம்பியில் மோதியது. எலும்பு முறிவோடு பிழைத்தார். விசாரணையில், உத்தரவு வருவதற்கு முன்பே வெள்ளம் வந்துவிட்டதால் காவலர் மீது தவறு இல்லை என்று எழுதினார்கள். அந்த வரியைப் படித்தபோது எனக்கு ஆறுதலாக இல்லை, வெட்கமாக இருந்தது. அன்றிலிருந்து எங்கே போனாலும் யார் முதலில் கடையைக் கட்டுகிறார்கள் என்று பார்க்கிற பழக்கம் எனக்கு வந்துவிட்டது.

இனி அந்த நாடு. பெயர் வேண்டாம், நீங்களும் அங்கேதான் போகிறீர்கள். அங்கே அடித்துக்கொண்ட இரண்டு இனங்களையும் இங்கே மேட்டுக்காரர், ஆற்றுக்காரர் என்றே சொல்கிறேன். நான் இருந்த சின்ன ஊரின் சந்தையில் இரண்டு தரப்புக்கும் பக்கத்துப் பக்கத்தில் கடைகள். நான் போய்ச் சேர்ந்த முதல் மாதம் ஒருவர் கடையை இன்னொருவர் பார்த்துக்கொள்வார். அப்புறம் ஒரு வாரம், ஒருவரிடம் ஒருவர் உப்புகூட வாங்கவில்லை. அடுத்த வாரம் ஆற்றுக்காரர்கள் மூன்று பேர் பலகையைப் பெயர்த்து வண்டியில் ஏற்றினார்கள். ஒரு கல்கூட யாரும் எறிந்திருக்கவில்லை.

நான் தலைமையகத்துக்கு எழுதினேன். ஆதாரம் என்ன என்று கேட்டார்கள். உப்பு வாங்கவில்லை என்று எழுதினால் சிரிப்பார்கள் என்று தெரிந்தேதான் எழுதினேன். சிரித்தார்கள். இன்னொரு முறை எழுதினேன். மூன்றாவது முறை எங்கள் குழுத் தலைவரும் கீழே கையெழுத்துப் போட்டார். அவர் வேறு கண்டத்துக்காரர், அதிகம் பேசாதவர். என் தொல்லை தாங்காமலோ என்னவோ, இரண்டு நாள் பயணத் தூரத்தில் இருந்த ராணுவப் பிரிவை மூன்று மணி நேரத் தூரத்துக்கு நகர்த்தினார்கள். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

அந்த மாதமே பக்கத்து மாவட்டத்தில் கொலைகள் தொடங்கின. ஓடி வந்தவர்கள் எங்கள் முகாமுக்கு எதிரே இருந்த பள்ளிக்கூடத்தில் தங்கினார்கள். அவர்களில் இரண்டு இனத்தாரும் இருந்தார்கள். சாப்பாடு கொடுக்க ஆட்களின் பெயரைப் பதிய வேண்டும். வேலை என்னிடம் வந்தது.

நான் நோட்டை எடுத்துச் சிவப்பு மையில் கோடு போட்டேன். பெயர், தகப்பனார் பெயர், வயது, ஊர். ஐந்தாவதாக ஒரு கட்டம் போட்டு அதன் தலையில் இனம் என்று எழுதினேன். எழுதச் சொல்லி யாரும் என்னிடம் சொல்லவில்லை. பள்ளிக்கூடத்தில் சேர்த்த நாளிலிருந்து வேலைக்கு விண்ணப்பம் போட்ட நாள் வரை நான் நிரப்பிய தாள்களில் அந்தக் கட்டம் இருந்தது. ஸ்டேஷனில் பிறத்தியாருக்கு நிரப்பிக் கொடுத்ததிலும் இருந்தது. கை தன்னால் போட்டுவிட்டது. வீட்டுக்காரருக்குத் தென்காசியில் உரக்கடை. போனில் அவரிடம் என் நோட்டின் அழகைப் பற்றிப் பெருமை அடித்தேன்.

"ஏட்டி, ஊரே சண்ட போட்டுக்கிட்டுக் கெடக்கு, நீ அங்கன போயி கோடு போட்டுக்கிட்டு இருக்கியாக்கும்?" என்றார்.

மொழிபெயர்க்க வந்தவர் உள்ளூர் வாத்தியார், மேட்டுக்காரர். அந்தப் பள்ளியிலேயே இருபது வருஷம் பாடம் நடத்தியவர். முதல் நான்கு கேள்விகளைச் சத்தமாகக் கேட்டார். ஐந்தாவதை மட்டும் குனிந்து மெதுவாகக் கேட்டார். வரிசையில் நின்றவர்கள் பதில் சொல்வதற்கு முன் பின்னால் திரும்பிப் பார்த்தார்கள். நான் கோடு நேராக வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்த வரிசையில் ஒரு தையல்காரப் பெண், தையல் மெஷினின் தலையைத் துணியில் சுற்றித் தலைமேல் வைத்தபடி வந்தாள். கூடவே மாமனார், மீன் பிடிக்கிறவர், எழுபது வயது. இரண்டு பெண் குழந்தைகள், ஒன்பதும் ஆறும். புருஷன் கலவரத்தில் காணாமல் போய்விட்டான். அவள் மேட்டுக்காரி, புருஷன் வீடு ஆற்றுக்காரர்கள். ஐந்தாவது கட்டம் வந்ததும் அவள் கேட்டாள்: "என் பிள்ளைகளுக்கு என்ன எழுதுவீர்கள்?"

நம் ஊர் வழக்கம் என்ன? தகப்பன் என்னவோ அதுதான் பிள்ளையும். நான் யோசிக்கவே இல்லை. கிழவருக்கு ஆற்றுக்காரர் என்று எழுதி, கீழே இரண்டு குழந்தைகளுக்கும் அதே என்று போட்டேன். அதோடு விட்டேனா? எந்தப் பதிவேடு போட்டாலும் மாவட்ட அலுவலகத்துக்கு ஒரு பிரதி அனுப்புவதுதானே முறை. அந்த ஊர் மாவட்ட அலுவலகத்துக்கு நானே ஒரு பிரதி எடுத்து அனுப்பினேன். அதையும் யாரும் கேட்கவில்லை.

மறுநாள் குழுத் தலைவர் நோட்டைப் புரட்டினார். ஐந்தாவது கட்டத்தில் விரலை வைத்து, "இது யாருக்காக?" என்று கேட்டார்.

"சாப்பாடு கொடுப்பதற்கு."

"யாருக்குச் சாப்பாடு போட இது வேண்டும்?"

அப்போதுதான் அவர் தன் நாட்டைப் பற்றி முதல் தடவையாகச் சொன்னார். அங்கே ரோட்டில் தடுப்பு வைத்து, அடையாள அட்டையில் இந்த ஒரு வரியை மட்டும் பார்த்து ஆட்களைப் பிரித்தார்களாம். அவர் அண்ணன் அப்படிப் போனவர். அட்டையில் அந்த வரியை எழுதியவர் ரொம்ப நல்ல குமாஸ்தா என்றும் சொன்னார். என்னைத் திட்டவில்லை. புது நோட்டில் நான்கு கட்டம் போட்டு எழுதச் சொன்னார், பழையதை எரிக்கச் சொன்னார், பிரதியைத் திரும்ப வாங்கச் சொன்னார்.

முதல் இரண்டையும் செய்தேன். பதிவேட்டை எரிக்கும்போது சஸ்பெண்ட் ஆகிவிடுவோமோ என்று பயம்தான், ஆனாலும் எரித்தேன். மூன்றாவதற்கு ஒரு கடிதம் அனுப்பினேன். கோப்பில் சேர்த்தாகிவிட்டது என்று பதில் வந்தது. மாவட்ட அலுவலகம் ஜீப்பில் நாற்பது நிமிஷம். நேரில் போய் மேஜை முன்னால் நின்று வாங்கியிருக்க வேண்டும். கடிதம் போட்டாகிவிட்டது, பதில் வந்தாகிவிட்டது, என் கடமை முடிந்தது என்று இருந்துவிட்டேன். உலகம் இந்த மாதிரி விஷயங்களில் பெரும்பாலும் இதைத்தான் செய்கிறது. நானும் அதையே செய்தேன் என்பதை இன்றுவரை என்னால் ஜீரணிக்க முடியவில்லை.

பத்து நாள் கழித்து அந்த வியாழக்கிழமை வந்தது. குழுத் தலைவர் தலைமையகத்துக்குப் போயிருந்தார். பத்து மணிக்கு இரண்டு லாரிகள் பள்ளிக்கூட வாசலில் வந்து நின்றன. முப்பது பேர் இருக்கும், எல்லாம் மேட்டுக்காரர்கள். வெட்டுக்கத்தி, தடி, நாலைந்து துப்பாக்கி. காவலுக்கு நின்ற உள்ளூர்ப் போலீஸ்காரர்கள் இரண்டு பேரும் எந்தப் பக்கம் போனார்கள் என்றே தெரியவில்லை. வயர்லெஸ்ஸில் கூப்பிட்டேன். ராணுவம் புறப்படுகிறது, ரோடு சகதி, மூன்று மணி நேரமாவது ஆகும், அதுவரை கவனித்துத் தகவல் சொல்லுங்கள் என்றார்கள். மூன்று மணி நேரம் கவனித்தால் கடைசியில் எண்ணிச் சொல்லப் பிணம்தான் இருக்கும். நான் கேட்டுக்குப் போனேன். வாத்தியாரை நான் கூப்பிடவில்லை, அவராகவே வந்தார்.

தலைவன்போல் இருந்தவன் இஸ்திரி போட்ட சட்டையில் மரியாதையாகப் பேசினான். "மேடம், உங்களோடு எங்களுக்குச் சண்டை கிடையாது. உங்கள் பட்டியலில் இருக்கிற ஆற்றுக்காரர்களை மட்டும் வெளியே அனுப்புங்கள். மற்றவர்கள் சாப்பிடட்டும்."

பையிலிருந்து தாளை எடுத்து விரித்தான். என் கையெழுத்து, மாவட்ட அலுவலகத்துக்கு நான் அனுப்பிய பிரதி. ஒரு பெயருக்கு எதிரே நீல மையில் டிக் அடித்திருந்தது, மீன் பிடிக்கிற கிழவர் பெயர். விடிந்ததும் வலையை எடுத்து வருகிறேன் என்று ஆற்றுக்குப் போனவர். வழியிலேயே பிடித்திருக்கிறார்கள். அந்தப் பெயருக்குக் கீழே இரண்டு குழந்தைகளின் பெயர். அவன் விரல் அங்கே இருந்தது.

அந்தக் கிழவரை நான் கொன்றுவிட்டேன் என்றுதான் தோன்றியது. உட்கார்ந்து அழ வேண்டும்போல் இருந்தது. உள்ளே குழந்தைகள் வாய்ப்பாடு சொல்லும் சத்தம் கேட்டது, யாரோ அவர்களைப் பயப்படாமல் வைத்திருக்கப் பார்க்கிறார்கள். எனக்கு மூன்று மணி நேரம் வேண்டும். அதை எங்கிருந்து எடுப்பது?

நம் பக்கத்தில் இரண்டு தெருவுக்குச் சண்டை என்று கூட்டம் கூடினால் என்ன செய்வோம் என்று உங்களுக்குத் தெரியும். லத்தியை எடுப்பதற்கு முன் நோட்டை எடுப்போம். "ஏலே, இங்கன வா. உன் பேரு என்னலே, உங்க அப்பா பேரு என்ன?" என்று ஒவ்வொருவராகக் கேட்டு எழுத ஆரம்பித்தால் கூட்டம் கொஞ்சம் கொஞ்சமாக ஆட்களாக மாறும். பெயர் சொன்னவனுக்கு வீடு நினைவுக்கு வரும், அம்மா நினைவுக்கு வரும், கேஸ் நினைவுக்கு வரும். எல்லா இடத்திலும் பலிக்காது. அன்றைக்கு எனக்குத் தெரிந்தது அது ஒன்றுதான்.

"பட்டியல் என்னுடையதுதான்," என்றேன். "ஆட்களை வெளியே விடுவதற்கு ஒரு முறை இருக்கிறது. யார் கூட்டிக்கொண்டு போகிறார்கள் என்று நான் எழுத வேண்டும்."

கேட்டுக்கு நடுவில் ஒரு மேஜையைப் போட்டு வழியை அடைத்து உட்கார்ந்தேன். நோட்டைத் திறந்து, என் வாழ்க்கையிலேயே மிக மெதுவாகக் கோடு போட்டேன். பெயர், தகப்பனார் பெயர், வயது, ஊர். அவன் சிரித்துக்கொண்டே முதலில் தன் பெயரைச் சொன்னான். தகப்பனார் பெயரைக் கேட்டதும் சிரிப்பு நின்றது. எழுத்துக் கூட்டிச் சொல்லச் சொன்னேன். தப்பாக எழுதி, அடித்து, மறுபடி கேட்டேன்.

அடுத்து ஒரு இளவட்டம் வந்து ஏதோ ஒரு பெயரைச் சொன்னான். வாத்தியார் அதை எனக்கு மொழிபெயர்க்கவில்லை. அவனைப் பார்த்து, "அது உன் பெயர் இல்லையே, தம்பி," என்றாராம், பிறகு எனக்குச் சொன்னார். அவனுடைய உண்மையான பெயரையும் அப்பா பெயரையும் தெருவையும் அவரே சொன்னார். அவரிடம் படித்தவன். லாரியில் வந்தவர்களில் பாதிப் பேர் அவரிடம் படித்தவர்கள். தலைவன் துப்பாக்கியை வாங்கி வாத்தியாரின் நெஞ்சில் வைத்தான். வாத்தியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், திரும்ப மாட்டினார், அடுத்தவனை வரச் சொன்னார். எனக்கு அந்த மனுஷன் காலில் விழலாம்போல் இருந்தது.

பதினோரு பெயர் எழுதினேன். பன்னிரண்டாவது ஆள் வரவில்லை. பின்னால் நின்றவர்கள் தொப்பியை முகத்துக்கு இறக்கிக்கொண்டு ஒவ்வொருவராக லாரிப் பக்கம் ஒதுங்கினார்கள். தலைவன் வைதான், மேஜையை எட்டி உதைத்தான், நோட்டை நான் மடியில் அமுக்கிக்கொண்டேன். சுடுவான் என்று கண்ணை மூடினேன். சுடவில்லை. திரும்பிப் பார்த்தான், அவன் பின்னால் நாலே பேர் நின்றார்கள். சாயங்காலம் வருகிறோம் என்று சொல்லிவிட்டு ஏறினான். அப்போது மணி பன்னிரண்டரை. ஒன்றேகாலுக்கு ராணுவம் வந்து சேர்ந்தது. சாயங்காலம் யாரும் வரவில்லை. பள்ளிக்கூடத்தில் இருந்த ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. உப்பு வாங்கவில்லை என்று எழுதிய அந்த அறிக்கை இல்லையென்றால் ராணுவம் சனிக்கிழமைதான் வந்திருக்கும்.

கிழவரை ஆற்றோரம் கண்டெடுத்தோம். பட்டியல் நான் போட்டது என்று தையல்காரப் பெண்ணிடம் நானே போய்ச் சொன்னேன். நான் அங்கிருந்து கிளம்பும்வரை அவள் என்னோடு பேசவே இல்லை. அது அவள் உரிமை.

அறிக்கை எழுதும்போது குழுத் தலைவர், "உன் பட்டியல் விஷயத்தை எழுதாமலும் விடலாம்," என்றார். என்னைச் சோதித்தாரா, இரக்கப்பட்டாரா என்று தெரியாது. நான் முழுவதும் எழுதினேன். அதற்குப் பிறகு அந்தப் படையின் முகாம்கள் எல்லாவற்றிலும் படிவத்தை மாற்றினார்கள். உங்களுக்குக் கொடுக்கும் படிவத்தில் நான்கு கட்டம்தான் இருக்கும், பிரதி வெளியே போகக் கூடாது என்று கீழே ஒரு வரியும் இருக்கும். தவறு செய்தவர்கள் மறைக்காமல் எழுதினால் படிவம் மாறும், என் கண்ணால் பார்த்தேன்.

பன்னிரண்டு பதின்மூன்று வருஷம் கழித்து, போன மாதம், அந்த வழக்கு விசாரணைக்கு வந்தது. தென்காசியில் ஒரு அறையில் கேமரா முன்னால் உட்கார வைத்து வீடியோவில் சாட்சி கேட்டார்கள். வெளியே சாரல். அந்தப் பதினோரு பெயர் எழுதிய தாள் முக்கியமான ஆதாரம். எதிர்த் தரப்பு வக்கீல் இன்னொரு தாளையும் காட்டி, "கொல்ல வேண்டியவர்களைப் பிரித்துக் காட்டிய இந்தப் பட்டியலைத் தயாரித்தது யார்?" என்று கேட்டார்.

"நான்தான்," என்றேன். இரண்டாவது தடவை கேட்டபோதும் அதையே சொன்னேன்.

வாசலில் வீட்டுக்காரர் காத்திருந்தார். "சொல்லிட்டியா?" என்றார். "சொல்லிட்டேன்." "சரி, வா, போவோம்."

போன வாரம் அந்த நீதிமன்றத்தின் மூலமாக எனக்கு ஒரு கடிதம் வந்தது. எழுதியவள் தையல்காரப் பெண்ணின் மூத்த மகள். அன்றைக்கு ஒன்பது வயது, இப்போது அதே பள்ளிக்கூடத்தில் டீச்சர். அவளும் சாட்சி சொல்லியிருக்கிறாள். ஊரில் செத்தவர்களுக்கு ஒரு கல் நடுகிறார்களாம். மேட்டுக்காரர்களும் சேர்ந்துதான் நடுகிறார்களாம். கல்லில் தாத்தாவின் பெயரைத் தகப்பனார் பெயரோடு வெட்ட வேண்டும். வீடு எரிந்தபோது காகிதமெல்லாம் போய்விட்டது. தாத்தாவின் அப்பா பெயர் என்ன என்று அம்மாவுக்கும் தெரியவில்லை. பதினோரு பெயர் எழுதிய தாளைத் தவிர, என் புது நோட்டும் முகாமை மூடியபோது தொலைந்துவிட்டது. அவர் பெயரும் அவர் அப்பா பெயரும் சேர்ந்து எழுதியிருப்பது இந்த உலகத்தில் ஒரே ஒரு தாளில்தான், கொலைகாரன் கையில் இருந்த என் பட்டியலில். "நீதிமன்றத்தில் அந்தத் தாளின் நகல் கொடுப்பார்கள், ஆனால் அதில் அந்த ஐந்தாவது கட்டமும் இருக்கிறது, அப்படியே வாங்க எனக்கு மனமில்லை, உங்கள் கையால் திருப்பி எழுதித் தருவீர்களா?" என்று கேட்டிருந்தாள். அம்மாதான் கேட்கச் சொன்னாள் என்று கடைசியில் ஒரு வரி.

அதைப் படித்துவிட்டு ரொம்ப நேரம் அழுதேன். பிறகு நகலை வரவழைத்துப் பார்த்து எழுதினேன்.

இந்தக் கடிதத்தோடு ஒரு உறை இருக்கிறது. தபாலை நம்பி அனுப்ப மனம் வரவில்லை. நீங்கள் அங்கே போய்ச் சேர்ந்ததும் அந்தப் பள்ளிக்கூடத்தைத் தேடிப் போய் அவள் கையில் கொடுங்கள். கல் வெட்டுகிறவர் பார்த்து வெட்ட வேண்டும் என்பதால் பெரிய எழுத்தாக எழுதியிருக்கிறேன். பெயர், தகப்பனார் பெயர், வயது, ஊர். அதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை.